மனநோய் டாக்டருக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது யார்?



நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, டெங்கி, எலிக்காய்ச்சல் என்று நோய்களைப் பற்றி இந்தப் பகுதியில் படித்து வருகிறீர்கள். இந்தத் தடவை நோயை விட்டுவிட்டு டாக்டரைப் பற்றி எழுதுகிறேன். அதிலும், பேரைக் கேட்டாலே நம்மவர்கள் ஒதுங்கிப் போகிற மனநோய் டாக்டரைப் பற்றி. அவர் எங்கே படிக்கிறார், எப்படிப் பழகுகிறார், அந்தப் படிப்பு எப்படி மாறி வந்திருக்கிறது, இன்னும் எப்படி மாற வேண்டும் என்று பார்ப்போம்.

"டாக்டர் படிப்பு டாக்டர்மார் பாடு. குலை வெட்டுற நமக்கு அதுல என்ன இருக்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நிறைய இருக்கிறது. எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே காட்டிக் கொடுக்கும். வயிற்றில் கட்டி என்றால் ஸ்கேன் காட்டிக் கொடுக்கும். மனநோய்க்கு அப்படிப்பட்ட கருவி கிடையாது. இரத்தம் எடுத்துப் பார்ப்பதெல்லாம் தைராய்டு போன்ற வேறு கோளாறு இருக்கிறதா என்று தெரிந்து கொள்ளத்தான். நோயாளி சொல்வது, வீட்டார் சொல்வது, டாக்டர் கண்ணால் காண்பது, இந்த மூன்றும்தான் பரிசோதனை. நம் பேச்சு டாக்டருக்குப் புரியவில்லை என்றால் அந்தப் பரிசோதனையே தவறிப் போகிறது. ஆகவே அவருடைய படிப்பு நம்முடைய விஷயம்தான்.

அந்தக் காலத்துப் பள்ளிக்கூடம்

"அடங்கலேன்னா தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவேன்" என்று பிள்ளைகளை அதட்டுவதை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். பேராக்கில் ஈப்போவுக்குப் பக்கத்தில், வெள்ளைக்காரன் ஆட்சியில், 1911-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பைத்தியக்கார ஆஸ்பத்திரி அது. இன்று அதற்கு உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை என்று பெயர். பஹாகியா என்றால் மகிழ்ச்சி. தெற்கே ஜொகூரில், தம்போயில், 1930-களில் இன்னொன்று வந்தது. அதுதான் இன்றைய பெர்மாய் மருத்துவமனை. ஒரு காலத்தில் தஞ்சோங் ரம்புத்தானில் மட்டும் நாலாயிரம் பேருக்கு மேல் இருந்திருக்கிறார்கள்.

மனநோய் டாக்டருக்கும் அன்று அதுவே பள்ளிக்கூடம். பல வருடங்கள் நோயில் கிடந்து, வீட்டாரும் வந்து பார்ப்பதை விட்டுவிட்ட மனிதர்களைப் பார்த்துத்தான் அவர் தொழில் பழகினார். நோய் முற்றிப் போன கட்டத்தைப் பார்த்தார். அது எப்படித் தொடங்கியது என்பதைப் பார்க்க அவருக்கு வழியில்லை. பால் வெட்டப் பழகுகிற பையனுக்குப் பட்டுப்போன மரங்களை மட்டும் காட்டிக் கொண்டிருந்தால் அவன் என்ன தொழில் கற்றுக் கொள்வான்? அந்தக் கதைதான்.

1952-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் குளோர்புரோமசின் என்ற மருந்தை மனநோய்க்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கூச்சலும் குழப்பமுமாக இருந்தவர்கள் அமைதியடைந்து பேச ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகுதான் மனநோயாளியை வீட்டில் வைத்துக் கொண்டே வைத்தியம் பார்க்க முடியும் என்ற நிலை வந்தது. நம் நாட்டில் 1958-இல் பினாங்குப் பொது மருத்துவமனையில் மனநோய்ப் பிரிவு திறந்தார்கள். காய்ச்சல்காரரும் பிள்ளைத்தாய்ச்சியும் நுழைகிற அதே வாசல் வழியாக மனநோயாளியும் நுழையலாம் என்றானது. இது சின்ன விஷயமல்ல.

1966-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவத்துக்குத் தனித் துறை ஏற்பட்டது. 1973-இல் அங்கேயே மேற்படிப்பு தொடங்கியது. அதற்கு முன்பெல்லாம் இந்தப் படிப்புக்கு பிரிட்டன் போன்ற நாடுகளுக்குக் கப்பல் ஏற வேண்டும். அங்கே புத்தகமும் ஆங்கிலம், நோயாளியும் ஆங்கிலம். படித்துவிட்டுத் திரும்பி வந்தால் எதிரே உட்கார்ந்திருப்பது கம்போங்கிலிருந்து வந்த மலாய்க்காரப் பெரியவர், புதுக்கிராமத்துச் சீனக் கிழவி, தோட்டத்திலிருந்து வந்த நம் வீட்டு அம்மா!

சட்டமும் மாறியது. 1952-ஆம் ஆண்டுப் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2001-இல் மனநலச் சட்டம் நிறைவேறி, 2010-இல் நடைமுறைக்கு வந்தது. ஊருக்குள்ளேயே மனநல மையங்கள் நடத்த அதில் இடமிருக்கிறது. மெந்தாரி என்ற பெயரில் அப்படிப்பட்ட மையங்கள் பல மாநிலங்களில் இன்று நடக்கின்றன. படுக்க வைக்காமல் மருந்து கொடுப்பதும், பேசிப் பேசிச் சிகிச்சை செய்வதும், குணமானவர் வேலைக்குத் திரும்ப உதவுவதும் அங்கே நடக்கிற காரியங்கள்.

இன்றைய படிப்பு

இன்று ஒருவர் மனநோய் டாக்டர் ஆக எவ்வளவு காலம் ஆகிறது தெரியுமா? மருத்துவப் படிப்பு 5 வருடம். அதற்கு மேல் ஹவுஸ்மேன் பயிற்சி 2 வருடம். பிறகு சாதாரண டாக்டராக வேலை பார்த்து, இடம் கிடைத்தால் 4 வருட மேற்படிப்பு. பால்குடிப் பிள்ளை ஆறாம் வகுப்பு முடிக்கிற காலம் ஆகிவிடுகிறது. அந்த 4 வருடத்தில் பெரியவர், குழந்தைகள், முதியவர், போதையில் சிக்கியவர், கோர்ட்டு வழக்கில் மாட்டியவர் என்று ஒவ்வொரு பிரிவாக மாறி மாறிப் பழக வேண்டும்.

காலம் நீளமாக இருந்தால் மட்டும் போதாது. கற்றுக் கொடுக்கும் முறையில் மூன்று பெரிய மாற்றங்கள் வந்திருக்கின்றன. அவை நமக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் மாற்றம், நோயைப் பார்க்கும் விதம். 1977-இல் ஜார்ஜ் எங்கல் என்ற அமெரிக்க டாக்டர் ஒரு கருத்தை எழுதினார். உடம்பு, மனம், சமூகம் மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் எந்த நோயையும் முழுதாகப் புரிந்து கொள்ள முடியாது என்பதே அது. மூளையில் ஏற்படும் மாற்றமும் காரணம். மனசில் பட்ட அடியும் காரணம். கடன், குடி, வேலை போய்விடுமோ என்ற பயம், வீட்டை விட்டுக் கிளம்பச் சொல்லி வந்த நோட்டீசு, இவையும் காரணம். இன்று மனநோய் டாக்டருக்கு இதுதான் அரிச்சுவடி.

இரண்டாவது, பரீட்சை. எழுதித் தேறினால் போதும் என்ற காலம் போய்விட்டது. ஸ்காட்லாந்தில் டண்டீ என்ற ஊரில் ரொனால்டு ஹார்டன் என்ற பேராசிரியர் 1975-இல் புது விதமான பரீட்சையை எழுதி வெளியிட்டார். வரிசையாகப் பல மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு வேலை. மணி அடித்தால் அடுத்த மேசைக்குப் போக வேண்டும். பிரிட்டனில் மனநல மருத்துவர் பரீட்சை 2008 முதல் இந்த விதத்தில் நடக்கிறது. நோயாளி போல நடிக்கப் பழகிய ஒருவர் உட்கார்ந்து அழுவார், கோபப்படுவார், பேசாமல் இருப்பார். டாக்டர் அவரிடம் எப்படிப் பேசுகிறார், காது கொடுத்துக் கேட்கிறாரா, பயந்து போன தாய்க்கு விளங்குகிற மாதிரி நோயைச் சொல்கிறாரா என்று பார்த்து மார்க்கு போடுவார்கள். கேட்கத் தெரியாதவர் தேற முடியாது!

மூன்றாவது மாற்றம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. நோயாளியே வாத்தியார் ஆவது. பயிற்சியில் இருக்கும் மனநோய் டாக்டர்கள், நோயாளிகளிடமிருந்தும் அவர்களைப் பராமரிக்கும் வீட்டாரிடமிருந்தும் நேரடியாகப் பாடம் கேட்க வேண்டும் என்று பிரிட்டனில் 2005-இல் விதியே செய்தார்கள். "இந்த ஊசி போட்டால் எனக்கு என்ன செய்கிறது", "என்னைப் பிடித்துக் கொண்டு போன அன்று எப்படி இருந்தது", "மகனைக் கூட்டிக் கொண்டு அலைந்த பத்து வருடத்தில் என்ன கஷ்டப்பட்டேன்" என்று அவர்கள் வகுப்பில் எடுத்துச் சொல்வார்கள். டாக்டர் உட்கார்ந்து கேட்பார்.

"நெஞ்சு அடைக்குது" என்றால் என்ன?

இனி நம் கதைக்கு வருவோம். ஒரு தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் அம்மா ஒருவர் என்னிடம் சொன்னது இது. அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இரண்டு வருடமாக அவருக்கு "நெஞ்சு அடைக்குது, தலை கனக்குது, கை காலெல்லாம் ஓயுது." மூன்று கிளினிக்குகள் பார்த்தாகிவிட்டது. இருதயத்துக்கு ஈசிஜி எடுத்தார்கள், நன்றாக இருக்கிறது. இரத்தம் எடுத்தார்கள், நன்றாக இருக்கிறது. கேஸ்டிரிக் மாத்திரையும் சத்து மாத்திரையும் பை பையாக வீட்டில் கிடந்தன. "ஒண்ணுமில்லேன்னு சொல்றாங்க, ஆனா நான் செத்துக்கிட்டு இருக்கேன்" என்றார்.

கடைசியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மனநோய்ப் பிரிவுக்கு அனுப்பினார்கள். பயிற்சியில் இருந்த டாக்டருக்குத் தமிழ் தெரியாது. அம்மாவுக்கு மலாய் கடை வரைக்கும்தான் வரும். கூட வந்திருந்த 12 வயது மகனை உட்கார வைத்து அவன் மூலமாகவே கேள்வி கேட்டார்கள். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "அம்மாவுக்குச் சாகணும்னு எண்ணம் வருதான்னு கேளு" என்றார்களாம். பையன் முகம் வெளுத்துப் போயிற்று. அம்மா அவன் முகத்தைப் பார்த்தார். "இல்லேன்னு சொல்லுய்யா" என்றார்.

தோழர்களே, அந்த இடத்தில் எந்தத் தாய்தான் வேறு பதில் சொல்வாள்?

அடுத்த மாதம் போனபோது வேறொரு டாக்டர். அவரும் பயிற்சியில் இருப்பவர்தான், அவருக்கும் தமிழ் தெரியாது. ஆனால் பையனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, தமிழ் தெரிந்த நர்சு ஒருவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக் கொண்டார். "உங்களுக்கு என்ன நடக்குதுன்னு நீங்க நினைக்கிறீங்க?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அரை மணி நேரம் ஆயிற்று. புருஷன் விபத்தில் படுத்தது, ஆலோங்கிடம் வாங்கிய கடன், வாசலில் வந்து கத்திவிட்டுப் போகிறவர்கள், விடிய விடிய உறங்காமல் கிடப்பது, எல்லாம் வெளியே வந்தது. சாகும் எண்ணமும் வந்தது. மனச்சோர்வு நோய்க்கு மருந்து கொடுத்தார்கள், வாராவாரம் கூப்பிட்டுப் பேசினார்கள், கடன் விவகாரத்துக்கு சமூக நல அதிகாரியைச் சேர்த்துவிட்டார்கள். சில மாதங்களில் அந்த அம்மா வேலைக்குத் திரும்பினார்.

இரண்டு டாக்டர்களும் அதே புத்தகம்தான் படித்திருப்பார்கள். அந்தப் புத்தகத்துக்கு வெளியே ஒருவர் பழகியிருந்தார், இன்னொருவர் பழகவில்லை. இதைத்தான் பயிற்சி என்கிறோம்.

நம் மக்கள் "எனக்கு மனச்சோர்வு" என்று வந்து சொல்வதில்லை. மனசு கனக்குது, நெஞ்சு அடைக்குது, உடம்பெல்லாம் எரியுது, உள்ளுக்குள்ளே என்னவோ பண்ணுது என்றுதான் சொல்வார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய் விளக்கப் புத்தகத்தில் 16 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலைச் சேர்த்திருக்கிறது. உங்கள் கஷ்டத்துக்கு நீங்கள் என்ன பெயர் சொல்கிறீர்கள், எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள், வீட்டார் என்ன சொல்கிறார்கள், இதுவரை யார் யாரிடம் போனீர்கள் என்றெல்லாம் அதில் வரும். போமோவிடம் போனதையும், கோயிலில் கயிறு கட்டியதையும் வெட்கப்படாமல் சொல்ல அங்கே இடமிருக்கிறது.

இன்னொன்று. திருவிழாவில் பம்பை அடிக்கும்போது சாமி வந்து ஆடுவது நோயல்ல. ஒரு சமுதாயம் ஏற்றுக் கொண்ட வழிபாட்டு முறையை நோய் என்று எழுதக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியலே சொல்கிறது. 2022 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஆனால் திருவிழா முடிந்து மூன்று வாரமாகியும் உறங்காமல், சாப்பிடாமல், யாரோ காதில் பேசுகிறார்கள் என்று அலைகிற பிள்ளையை "சாமி வந்திருக்கு" என்று வீட்டில் வைத்துக் கொள்வதும் தப்பு. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய டாக்டருக்கும் பயிற்சி வேண்டும், நமக்கும் விவரம் வேண்டும்.

டாக்டர் போதவில்லை

2018-இல் எடுத்த கணக்கின்படி நம் நாட்டில் பதிவு பெற்ற மனநோய் டாக்டர்கள் 410 பேர். ஒரு லட்சம் மக்களுக்கு 1.27 பேர். அவர்களிலும் கோலாலம்பூர் பக்கம் நெருக்கமாக இருக்கிறார்கள், சபாவில் மிகவும் குறைவு. நோயோ கூடிக் கொண்டு போகிறது. தேசியச் சுகாதார ஆய்வின்படி மனச்சோர்வு உள்ளவர்கள் 2019-இல் 100-க்கு 2.3 பேர். 2023-இல் அது 4.6 ஆகிவிட்டது. ஏறக்குறைய 10 லட்சம் பேர்!

புது டாக்டரை உண்டாக்கப் பதினோரு வருடத்துக்கு மேல் ஆகும் என்று பார்த்தோம். அதுவரை யார் பார்ப்பது? உலகச் சுகாதார நிறுவனம் 2008-இல் ஒரு திட்டம் கொண்டு வந்தது. 2010-இல் அதற்குக் கைப்புத்தகமும் போட்டது. சாதாரண டாக்டர், நர்சு, மருத்துவ உதவியாளர் ஆகியோருக்கும் மனநோயைக் கண்டுபிடிக்கவும் ஆரம்பச் சிகிச்சை கொடுக்கவும் பயிற்சி தர வேண்டும் என்பதே அந்தத் திட்டம். அப்போது மனநோய் டாக்டரின் வேலை நோயாளியைப் பார்ப்பதோடு முடியாது. தனக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கற்றுக் கொடுப்பதும், கஷ்டமான கேசுகளை ஏற்றுக் கொள்வதும் அவருடைய வேலையாகிறது. ஆகவே அவருக்கும் வாத்தியார் வேலை பழக்க வேண்டும்.

தோட்டத்தில் நோயாளியை முதலில் பார்ப்பது டிரசர்தான். எங்களுக்கு அந்தப் பயிற்சி கிடைத்தால், ஒருவர் கயிறும் மாத்திரையுமாக இரண்டு வருடம் அலைய வேண்டியதில்லை.

நாம் கேட்க வேண்டியவை

சங்கம் கூலிக்கும் வீட்டுக்கும் போராடியது போல இதற்கும் குரல் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஒன்று: மனநல மேற்படிப்புப் படிக்கும் டாக்டர்கள், பெரிய ஆஸ்பத்திரியோடு நிற்காமல் மாவட்டக் கிளினிக்குகளிலும் தோட்டப் பகுதிகளிலும் சில மாதமாவது பழக வேண்டும்.

இரண்டு: மொழிபெயர்ப்புக்குப் பிள்ளைகளை உட்கார வைக்கக் கூடாது. பழகிய பெரியவர் ஒருவர் வேண்டும். பக்கத்து லயத்தில் இருக்கும் வங்காளதேசத் தோழருக்கும், நேப்பாளத் தோழருக்கும் அவரவர் மொழி தெரிந்தவர் வேண்டும். அவர்களும் தொழிலாளர்களே.

மூன்று: குணமானவர்களையும் வீட்டாரையும் பல்கலைக்கழகங்கள் அழைத்து வகுப்பில் பேச வைக்க வேண்டும்.

நான்கு: தோட்ட மருத்துவ உதவியாளர்களுக்கு மனநலப் பயிற்சி தர நிர்வாகங்கள் விடுப்பும் செலவும் கொடுக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

கேட்பது ஒரு பக்கம் இருக்கட்டும். நம் கையில் இருப்பதையும் சொல்கிறேன்.

உங்களையே இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். கடந்த இரண்டு வாரமாக மனசு சோர்ந்து, எதற்கும் வழியில்லை என்பது போல அடிக்கடி இருக்கிறதா? முன்பு ஆசையாகச் செய்த காரியங்களில் இப்போது பிடிப்பே இல்லையா? ஒன்றுக்காவது "ஆமாம்" என்றால் கிளினிக்குக்குப் போய் அதையே சொல்லுங்கள். அரசாங்கக் கிளினிக்கிலிருந்து கடிதம் வாங்கிக் கொண்டு மனநோய்ப் பிரிவுக்குப் போகலாம்.

உடம்பு வலியோடு நிறுத்தாமல், உறக்கம், பசி, குடி, கடன், வீட்டுச் சண்டை எல்லாவற்றையும் சொல்லுங்கள். தாளில் எழுதிக் கொண்டு போனால் இன்னும் நல்லது. "பையன் வெளியே இருக்கட்டும், தமிழ் தெரிஞ்சவங்க இருந்தா கூப்பிடுங்க" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பயிற்சி டாக்டர் பக்கத்தில் உட்காரலாமா என்று கேட்டால் வேண்டாம் என்றும் சொல்லலாம். முடிந்தால் சரி என்று சொல்லுங்கள். உங்கள் கதையைக் கேட்டுத்தான் அவர் டாக்டர் ஆக வேண்டும். மருந்து உறக்கம் தருகிறது, கை நடுங்குகிறது என்றால் சும்மா நிறுத்திவிடாமல் அவரிடமே சொல்லுங்கள். அவருக்கு அதுவும் ஒரு பாடம்.

சாகும் எண்ணம் வந்தால் மறைக்க வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவரை ஓராண்டு வரை சிறையில் போட இடம் தந்த சட்டப் பிரிவை 2023-இல் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. இனி போலீசுக்குப் பயந்து ஒளிய வேண்டியதில்லை. மனம் விட்டுப் பேச, சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. ஆபத்து என்றால் 999.

மனநோய் டாக்டருக்குப் பாதிப் பாடம் பல்கலைக்கழகத்தில் கிடைக்கிறது. மீதிப் பாடம் நம் வாயில் இருக்கிறது. வாயை மூடிக் கொண்டு இருந்துவிட்டு, "அந்த டாக்டருக்கு ஒண்ணும் தெரியலே" என்று சொல்லிக் கொண்டு வீடு திரும்புவதில் பயனில்லை. அடுத்த முறை டாக்டர் "என்ன செய்யுது?" என்று கேட்டால், மனசில் இருப்பதைச் சொல்லுங்கள்.